முஸ்பிறாவின் திங்கட்கிழமைகள்

சாய்ந்தமருதில் ஒரு வீட்டு மருமகன் மௌத்தாகிக் கண்மூடிப் போனால், அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் குறைவதில்லை. வீடு பெண்ணுடையது. வாப்பாமார் கட்டாரிலும் குவைத்திலும் வெயிலில் வெந்து கட்டி, மகள் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அலுமாரி அவளுடையது, கட்டில் அவளுடையது, குசினிக்குப் பின்னால் நிற்கும் மாமரம்கூட அவளுடையது. ஆண் என்பவன் நிக்காஹ் அன்று இரண்டு சோடி உடுப்போடு வந்து சேருகிறவன். முஸ்பிறாவின் புருசன் முனாப் மௌத்தாகிச் சில நாட்களில் அவருடைய தம்பிமார் வந்து, கூட்டாக வாங்கியிருந்த நெல் வெட்டும் மெஷினை முற்றத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுக்காலம், மெஷின் சும்மா நிற்கக் கூடாது. அவர்கள் போன பிறகு முஸ்பிறா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கதிரைகூட இடம் மாறியிருக்கவில்லை.

எட்டு வருடம் இருந்த மனிதனைக் கழித்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாதா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படி ஆத்திரப்பட அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு. கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் அவள் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்த படிப்பு.

முஸ்பிறா உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற டீச்சர். வயது முப்பத்தாறு. கண்ணாடி போட்ட ஒல்லியான முகம், அதிகம் கதைக்காத வாய். வாப்பா சீனிமுகம்மது வீட்டுக்கு மேல்மாடி கட்டி முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். மேல்மாடி இல்லாத வீட்டுக்குப் பட்டதாரி மாப்பிள்ளை வருவானா? பெண் கேட்டு வந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிளேன்டி குடித்துப் போனார்கள். முனாப் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, சம்மாந்துறை வயல் வட்டையிலும் இறக்காமத்திலும் நெல் வெட்டும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். ‘படிச்ச புள்ளயக் கொண்டு போய் மெஷின்காரனுக்குக் குடுத்துட்டாங்களே’ என்று ஊர் வாய் ஓயாமல் கதைத்தது. ஊரின் வாயைவிட முனாப்பின் வாய் பெரியது. அவர் அதையெல்லாம் கதைத்தே வென்றார்.

கலியாணமாகி வந்த நாள் முதல் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். இண்டைக்கு என்ன படிப்பிச்சீங்க, அது ஏன் அப்பிடி, இது ஏன் இப்பிடி. முதலில் முஸ்பிறா சிணுங்கினாள். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இன்றைக்கு இவருக்கு என்னத்தைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். பிள்ளை இல்லாத வீடு. மாலை முழுக்க அவர்கள் இரண்டு பேரின் கதைதான். பின்னறையில் இருக்கும் உம்மா சரீபா, ‘இதுகளுக்கு வாய் வலிக்காதா?’ என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள். வெளிவாரியாக முதுமாணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தூண்டிவிட்டதும் முனாப்தான்.

அவள் எடுத்துக்கொண்ட விடயம் இது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், எங்கோ தொலைவில், இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மோதி ஒன்றாகிப் போயின. அந்த மோதலில் வெளியே இருந்த வெறும் இடமே குலுங்கி, அலையாக எழும்பி, வழியில் எதிலும் தடைபடாமல் வந்து ஒரு புதன்கிழமை பூமியைக் கடந்து போனது. அமெரிக்காவில் காட்டுக்குள் நாலு கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய் போட்டு வைத்திருக்கிற கருவிகள், அந்த அலை தங்களை அணுக்கருவிலும் சிறிய அளவுக்கு நீட்டிச் சுருக்கியதைப் பதிந்துகொண்டன. அலை எப்படி இருக்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்னரே ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடுகள் சொல்கின்றன. பதிவில் இருந்து அவர் சொன்ன அலையைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது கருவியின் வழக்கமான இரைச்சல் மட்டும் என்றால் ஐன்ஸ்டைன் சரி. அதற்கு மேல் ஏதும் மிஞ்சினால் அவருடைய கொள்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

முனாப் இதை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டார்.

“அப்ப மெஷின் விட்டு வெட்டின வயல் மாதிரி. வெட்டி முடிஞ்சா அடிக்கட்டைதான் நிக்கணும். கதிர் நிண்டா மெஷின்ல பிழை.”

“ஓம். ஆனா எந்த வயல்லயும் கொஞ்ச நெல்லு சிந்துமே?” என்றாள் முஸ்பிறா. “சிந்தினது எது, வெட்டாம விட்டது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?”

“மத்த வயல்களயும் போய்ப் பார்க்கணும். வழமையா எவ்வளவு சிந்துது எண்டு.”

அதுதான் அவளுடைய வேலையும். கருந்துளையும் இல்லை, அலையும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த வேறு நேரங்களில் கருவி பதிந்த இரைச்சலைத் துண்டு துண்டாக எடுத்து, அலையைக் கழித்த மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதிவுகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. இணையம் உள்ள எவரும் எடுக்கலாம். எந்த நேரங்களை எடுப்பது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

“எங்கட திங்கட்கிழமைகள எடுங்களேன்” என்றார் முனாப்.

முனாப் திங்கட்கிழமைகளில் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிக்கிறவர். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவார். முஸ்பிறாவும் கூட எழும்புவாள். முந்திய நாள் சோறு, பொரித்த கருவாடு, வாழைப்பழம். சாப்பிட்டு முடித்து, பள்ளிவாசலில் சுபஹு பாங்கு சொல்லும் வரை குசினிக் கதிரைகளில் இருந்து கதைப்பார்கள். ஓட்டோ இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஊர் முழுக்க அந்த இரண்டு பேர் மட்டும் விழித்திருப்பதுபோல் இருக்கும். அந்தத் திங்கட்கிழமைகளில் அமெரிக்கக் கருவியும் விழித்திருந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தது என்ற நினைப்பு முனாப்புக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. “நாங்க கருவாடு திண்ட நேரம் அது என்ன கேட்டிச்சு எண்டு பாருங்களேன்!” என்று சிரித்தார். முஸ்பிறாவும் சிரித்தாள். அலை இல்லாத எந்த நேரமும் ஒன்றுதானே என்று நினைத்து, அலை வந்த காலத்துத் திங்கள் விடியல்களையெல்லாம் துண்டுகளாக எடுத்தாள். தன் படிப்பில் அவர் கை பட்ட இடம் ஒன்றாவது இருக்கட்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது.

முடிவு வந்தால் முதலில் தனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று முனாப் சத்தியம் வாங்கியிருந்தார். ஐன்ஸ்டைன் விழுந்தால் மாடு அறுத்துத் தெருவுக்கே சாப்பாடு கொடுப்பதாகப் பேச்சு. விழாமல் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “நிண்டா நிக்கட்டும், பாவம் மனிசன்” என்றார்.

சிறுபோக வெட்டு நடந்துகொண்டிருந்தது. கணக்கைக் கணினியில் ஓடவிட்டுவிட்டு முஸ்பிறா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், சம்மாந்துறை வட்டையில் மெஷினை நிறுத்தி, வாடிக் குடிசையில் இருந்து பிளேன்டி குடித்த முனாப் குவளையை வைத்துவிட்டுச் சாய்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அத்தனை கதைத்த மனிதனுக்கு அப்படி ஒரு மௌத்து. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள்.

லெப்டொப்பை யாரும் நிறுத்தவில்லை. வீடு நிறையப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தபோது, மேசையின் மூலையில் அது தன் பாட்டுக்கு ஓடிக் கணக்கை முடித்து வைத்திருந்தது. இரண்டு நாள் கழித்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முஸ்பிறா திறந்து பார்த்தாள். மிச்சம் இருந்தது. அவள் எடுத்த திங்கட்கிழமைத் துண்டு ஒன்றிலும் அந்த அளவு இரைச்சல் இல்லை. ஐன்ஸ்டைன் சொன்ன அலையை முழுதாக எடுத்துப் போட்ட பிறகும் ஏதோ ஒன்று போகாமல் அங்கே நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சொல்வதற்கு அறையில் ஆள் இல்லை.

இத்தா தொடங்கியது. கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அதற்கு அரசாங்கமே டீச்சர்மாருக்கு லீவு கொடுக்கிறது. யன்னல்களுக்கு இரட்டைத் திரை வந்தது. முதல் மாதம் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் ஸபுர் செய், பொறுமையாக இரு என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, மகளின் கலியாணத்தையும் மீன் விலையையும் தங்களுக்குள் கதைத்தார்கள். இரண்டாம் மாதம் வரவு குறைந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது; மழைக்கு யார் வருவார்கள்? கடல் பக்கத்தில்தான். வாடைக்காற்றுக்கு அது இரைகிற இரைச்சல் இரட்டைத் திரையையும் தாண்டி வந்தது.

இத்தாவில் இருக்கிறவள் கம்பியூட்டர் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. பக்கத்து வளவுக்காரி மௌலவியின் மனைவியிடம் போய்க் கேட்டு, படிப்பு வேலை என்றால் பிழையில்லை, ஆண்கள் முகம் தெரியக் கூடாது என்று மறுமொழி கொண்டுவந்தாள். உம்மா அத்தோடு விடவில்லை. லெப்டொப்புக்குக் கண் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டிக் கமெராவுக்கு மேல் ஒட்டிவிட்டாள். முஸ்பிறாவுக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்த மிச்சம் மட்டும் போதுமாக இருந்தது.

அது உண்மையில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும் என்று படித்த மூளை சொன்னது. உலகமெல்லாம் பார்த்துப் பார்த்து ஒன்றுமில்லை என்ற பதிவில், சாய்ந்தமருது முஸ்பிறா டீச்சருக்கு மட்டும் தனியாக ஏதும் வந்து வாய்க்குமா? ஆனாலும் அவள் அதைத் திறந்து திறந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று போகாமல் நிற்கிறது என்பதை நம்ப அவளுக்கு வேண்டியிருந்தது. அது கருந்துளையைப் பற்றிய நம்பிக்கை இல்லை என்று அவளுக்கே தெரிந்தும் இருந்தது. படிப்பை மேற்பார்வை செய்கிற விரிவுரையாளருக்கும் அவள் அறிவிக்கவில்லை.

அந்த விரிவுரையாளர் சுஜித்தா, பக்கத்தில் உள்ள தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரி. அறிக்கை கொடுக்க வேண்டிய மாதம் நெருங்கியும் சத்தமில்லாதிருக்கவே, ஒரு சனிக்கிழமை முற்பகல் குடையோடு நேரில் வந்துவிட்டார். பெண் என்பதால் உம்மாவுக்குத் தடையில்லை, மகிழ்ச்சிதான். சுஜித்தாவுக்குத்தான் தடுமாற்றம். விதவை வீட்டுக்குப் பழம் கொண்டுபோகலாமா என்று தெரியாமல் கொண்டுவந்த அப்பிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வழமையான பெரிய பொட்டு இல்லை. கடுகளவுக்கு ஒன்று வைத்திருந்தார். தனக்காகக் குறைத்திருக்கிறார் என்று முஸ்பிறாவுக்கு விளங்கியது.

“சாப்பிடுறீங்களா, முஸ்பிறா?”

“ஓம் மிஸ்.”

அதற்கு மேல் கதைக்க வேறொன்றும் இல்லாமல்தான் முஸ்பிறா லெப்டொப்பைத் திறந்து வரைபைக் காட்டினாள்.

சுஜித்தா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அப்பிள் மேசைக்குப் போயிற்று. நெடுநேரம் பார்த்தார்.

“இது எப்ப வந்த?”

“அவர் மௌத்தான அண்டைக்கு.”

சுஜித்தா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தார். “நூற்றுக்கணக்கான ஆக்கள் பார்த்து ஒண்டுமில்லெண்டு எழுதின தரவு இது. உங்களுக்கு மட்டும் மிஞ்சுதெண்டா ஒண்டு நோபல் பரிசு, இல்லாட்டி எங்கயோ பிழை.”

“தெரியும் மிஸ்.”

“கழிச்ச விதம் சரி. அலையின்ர வடிவமும் சரி. இரைச்சல் துண்டுகள எப்பிடித் தெரிஞ்செடுத்தீங்க?”

முஸ்பிறாவின் நாக்கில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. கைக்கு வந்தபடி எழுந்தமானமாக எடுத்தேன் என்று சொன்னால் போதும். சுஜித்தா நம்புவார், மிச்சம் இன்னும் சில மாதம் மிச்சமாகவே இருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

“திங்கட்கிழமை விடியக்காலம், மிஸ். எல்லாத் துண்டும்.”

“எல்லாமா? ஏன்?”

சொன்னாள். சுன்னத்து நோன்பையும், சஹரையும், குசினிக் கதிரைகளையும், கருவாட்டையும் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சுஜித்தா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முஸ்பிறாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“நம்மட திங்கள் விடிய எண்டா, அங்க அப்ப என்ன நேரம்?” என்று சுஜித்தா மெல்லக் கேட்டார்.

நேர வலயக் கணக்கை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள்தான். இருந்தும் அதுவரை அந்தக் கேள்வியைத் தனக்குக் கேட்டுப் பார்த்ததில்லை. “ஞாயிறு பின்னேரம்” என்றாள்.

ஞாயிறு பின்னேரம் அமெரிக்காவில் யார் வேலை செய்கிறார்கள்? கருவியைச் சுற்றிய காட்டில் அன்று மரம் வெட்டுவதில்லை, மரம் ஏற்றும் லொறி ஓடுவதில்லை, நெடுஞ்சாலையிலும் வாகனம் குறைவு. நிலமே ஓய்ந்து கிடக்கும். அலை வந்ததோ புதன்கிழமை, வேலைநாள், லொறிகள் நிலத்தை அதிர வைக்கிற பகல் நேரம். வாரத்திலேயே அமைதியான மணித்தியாலங்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, இதுதான் வழமை என்று அவள் வைத்துக்கொண்டாள். அந்த வழமைக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணப் புதன்கிழமை இரைச்சலும் அதிசயமாகத்தானே தெரியும்?

“பரவாயில்ல, முஸ்பிறா. இப்பிடி எல்லாரும் விடுறதுதான்” என்றார் சுஜித்தா.

எல்லாரும் விடுகிற பிழை இல்லை அது. அமெரிக்காக்காரன் விட மாட்டான், கொழும்பில் இருக்கிறவனும் விட மாட்டான். திங்கட்கிழமை நோன்பு பிடிக்கிற வீட்டில், புருசனும் பெண்சாதியும் ஒன்றாக எழும்பிச் சோறு தின்கிற குசினியில் மட்டும்தான் அப்படி ஒரு பிழை பிறக்கும்.

“கிழமையில எல்லா நாளும், எல்லா நேரமும் கலந்து புதுசாத் துண்டு எடுங்க. நீங்க தெரிஞ்செடுக்க வேணாம், கணினியே தெரிஞ்செடுக்கட்டும். மாச முடிவுக்குள்ள ஓட்டி அனுப்பினாப் போதும்.” சுஜித்தா எழும்பினார். வாசலில் நின்று முஸ்பிறாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

முஸ்பிறா ஓட்டவில்லை. அன்றும் ஓட்டவில்லை, அடுத்த கிழமையும் ஓட்டவில்லை. மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிறது, கணக்கு நடுவில் நின்றுவிடும் என்று தனக்குத்தானே சாட்டுச் சொன்னாள். கரண்ட் ஒழுங்காக இருந்த நாட்களில் தலையிடி என்றாள். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற அமெரிக்கர்கள் மீது அவளுக்குக் கோபம் வந்தது. மரம் வெட்டுகிறவன் ஒரு ஞாயிறாவது வெட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? பிறகு அந்தக் கோபம் வெட்கமாக மாறியது. உண்மை என்னவென்றால், திங்கட்கிழமைகளை எடுத்துவிட்டால் அந்தப் படிப்பில் முனாப் இல்லை. வீட்டில்தான் அவர் தடயம் வைக்காமல் போனார். உலகத்தில் அவர் விட்டுப்போன ஒரே ஒரு அடையாளம் பிழையாக இருந்தாலும் அது அங்கே இருந்தது. அதைத் தன் கையாலேயே அழிக்க அவளால் முடியவில்லை.

அவளை அசைத்தது சுஜித்தாவின் நினைவூட்டல் இல்லை. ஒரு நாள் நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயில் இருந்தவள், வழமைபோல முனாப்பிடம் மனதுக்குள் முடிவைச் சொல்லிப் பார்த்தாள்: மிஞ்சியிருக்கு, ஐன்ஸ்டைன் விழுந்திட்டார். நினைப்பிலும் அவர் உடனே மாடு அறுக்க ஓடவில்லை. எதைச் சொன்னாலும் கேட்கிறதைத்தான் கேட்டார்: ‘நல்லாப் பார்த்தீங்களா?’ வட்டையில் அவர் வெட்டி முடித்த வயலைத் தானே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். முதலாளி பார்க்கிறாரா என்பது அவருக்குக் கணக்கில்லை. அவரிடம் போய்ப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கபுறுக்குழியில் இருக்கிறவருக்கும் பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழும்பினாள்.

திங்கட்கிழமைகளை எல்லாம் அகற்றினாள். கணினி தன் பாட்டுக்கு நேரங்களைத் தெரிந்தெடுத்தது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, நடுப்பகல், அந்தி. அந்த நேரங்களில் தானும் முனாப்பும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு ஒரு நினைவும் இல்லை. வெளியே மழை சீராகப் பெய்தது. கணக்கு ஓடி முடிய அஸர் பாங்கு சொல்லிவிட்டது.

புதிய துண்டுகளில் எத்தனையோ, அந்த மிச்சத்தைவிடக் கூடுதலாக இரைந்தன. எந்த ஒரு வேலைநாளிலும் லொறியும் ரயிலும் எழுப்புகிற சாதாரண இரைச்சல்தான் அவள் இத்தனை மாதம் திறந்து திறந்து பார்த்தது. அலையைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தனை தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதியபோதும், ஐன்ஸ்டைன் காகிதத்தில் எழுதி வைத்தது ஒரு மயிரிழை பிசகவில்லை. பெரிய விடயம் அது. மனிதனாகப் பிறந்ததற்குப் பெருமைப்பட வேண்டிய விடயம். முஸ்பிறா மேசையில் தலையை வைத்து அழுதாள்.

உம்மா பிளேன்டியோடு வந்தவள் திகைத்துப்போய்க் குவளையை வைத்தாள். “என்ன மகள்? என்ன நடந்த?”

“ஒண்டுமில்ல உம்மா. ஐன்ஸ்டைன் சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

உம்மா கொஞ்சம் யோசித்தாள். “அந்த மனிசன் சரியாச் சொன்னதுக்கு நீ ஏன் புள்ள அழுறாய்?”

“இவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு உம்மா. முடிவு வந்தா முதல்ல தனக்குச் சொல்லணும் எண்டாரு. முடிவு இண்டைக்குத்தான் வந்திருக்கு. சொல்லுறதுக்கு ஆளில்ல.”

உம்மா கட்டில் ஓரத்தில் இருந்தாள். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். “எனக்குச் சொல்லு. நான் கேக்கன்.”

முஸ்பிறா சொன்னாள். முதலில் இருந்து சொன்னாள். இரண்டு கருந்துளைகள், மோதல், அலை, காட்டுக்குள் குழாய். உம்மா கவனமாகத்தான் கேட்டாள். “சுப்ஹானல்லாஹ்” என்றாள். “ஆ” என்றாள். கழிக்கிற இடம் வந்தபோது தலையை ஆட்டினாள். இரைச்சல் துண்டுகளுக்கு வந்தபோது உம்மாவின் கண் முகட்டுக்குப் போயிற்று; முடியாமல் போன மேல்மாடிப் பக்கத்துச் சுவரில் ஈரம் ஊறி இறங்கிக்கொண்டிருந்தது. முஸ்பிறா ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தினாள். உம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சற்றுக் கழித்து, “பிறகு?” என்றாள்.

“அவ்வளவுதான் உம்மா.”

“நல்ல விசயம்தானே. அல்ஹம்துலில்லாஹ்.” உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். “பகலும் ஒண்டும் திங்கல்ல நீ. வா, சோத்துக்கு மீன் ஆணம் சூடாக்கன்.”

முஸ்பிறா போனை எடுத்து சுஜித்தா மிஸ்ஸுக்கு எழுதினாள். நீளமாக எழுதத் தொடங்கி, அழித்து, கடைசியில் ஒரு வரி மட்டும் அனுப்பினாள்: ‘புதிய நேரங்களைப் போட்டுப் பார்த்தேன் மிஸ், ஒன்றும் மிஞ்சவில்லை.’

பெருவிரலை உயர்த்திப் பிடித்த ஒரு சின்னப் படம் உடனேயே திரும்பி வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லெப்டொப்பை மூடி, உம்மாவுக்குப் பின்னால் குசினிக்குப் போனாள்.